வீடியோ கால்ல அப்பாவோட போன் ஸ்கிரீன நான் இங்க இருந்து பாக்க முடியுமா? வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க

கல்லிடைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊரு கல்லிடைக்குறிச்சி, வேலைக்காக சென்னையில பெருங்குடி பக்கம் இருக்கேன். அப்பாவும் அம்மாவும் ஊர்லதான். அப்பா போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவிய, மணியார்டர், ஆர்டி, சேவிங்ஸ் கணக்குன்னு அத்தனையும் பேனா பிடிச்சு எழுதிப் பழகுன கை, கணக்குல ஒத்த பைசா பிசகாது, ஆனா போன்ல புதுசா ஏதாவது பக்கம் தொறந்துருச்சுன்னா உடனே எனக்கு கால் வந்துரும். "ஏட்டி, என்னமோ கேக்குது, அமுக்கவா வேண்டாமா"ம்பாவ. நானும் ஆபீஸ்ல இருந்துக்கிட்டு "கீழ பச்சையா ஒரு பட்டன் இருக்கா பாருங்க, அதுக்கு மேல மூணு புள்ளி இருக்கா"ன்னு கேப்பேன், "எங்கன? ஒண்ணையும் காணோமே"ம்பாவ, இப்படியே அரை மணி நேரம் ஓடிரும்.

அம்மா போன்ல வீடியோ கால் போட்டு அப்பா போன காட்டச் சொன்னா, மேல இருக்க ட்யூப்லைட்டு அந்தக் கண்ணாடில பளிச்சுன்னு அடிச்சு எழுத்து ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. கிட்ட கொண்டு வாங்கன்னா மங்கலாகுது, தள்ளிப் பிடிங்கன்னா கட்டில், பீரோ, காலண்டர் எல்லாம் தெரியுது, போன்ல இருக்கது மட்டும் தெரியல.

வாட்ஸ்அப்லயே ஸ்கிரீன் ஷேர் உண்டுன்னு ஆபீஸ்ல சொன்னாவ. அப்பாவோடது ஆண்ட்ராய்டு, என்னோடது ஐபோன், ரெண்டுக்கும் ஒத்து வருமா? இன்னொருத்தர் எனிடெஸ்க்னு ஒரு ஆப்பு போட்டா நானே இங்க இருந்து அமுக்கலாம்ங்காரு, அது போடலாமா? அது போக நவம்பர்ல பென்ஷனுக்கு லைப் சர்டிபிகேட், அதான் உயிரோட இருக்கோம்னு காட்டுத சான்று, குடுக்கணும், இந்த வருஷம் போன்லயே முகத்தக் காட்டி முடிச்சிரலாம்னு அப்பா ஆசைப்படுதாவ, மூட்டுவலி வச்சுக்கிட்டு அலைய முடியல. அதுக்கும் இந்த ஸ்கிரீன் ஷேர் ஒதவுமா? அப்பாவுக்கு ஒருதடவ சொன்னா பிடிச்சுக்கிடுவாவ, சொல்லுத மொற சரியா இருக்கணும், அதான் கேக்கேன்.

வண்ணார்பேட்டை மொபைல்காரர்:

தங்கச்சி, ஆண்ட்ராய்டு, ஐபோன் வித்தியாசம்லாம் வாட்ஸ்அப்ல கிடையாது, தாராளமா ஒத்து வரும். 2023 ஆகஸ்ட்ல இருந்தே இந்த வசதி இருக்கு, கடைக்கு வர்ற பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது.

செய்யுத மொற சொல்லுதேன். அப்பாவுக்கு வீடியோ கால் போடு, அவிய எடுத்த பெறவு அவிய ஸ்கிரீன்ல கீழ இருக்க வரிசையில போன் படத்துக்குள்ள அம்புக்குறி போட்ட மாதிரி ஒரு பட்டன் இருக்கும், சில போன்ல அது நேரா தெரியாது, மூணு புள்ளிய அமுக்குனா உள்ள இருக்கும். வரிசையே காணோம்னா நடு ஸ்கிரீன்ல லேசா ஒரு தட்டு தட்டச் சொல்லு, வந்துரும். அத அமுக்குனதும் வாட்ஸ்அப் கேக்காது, போனே கேக்கும், ஸ்கிரீன்ல தெரியுத எல்லாத்தையும் இந்த ஆப் பாக்கும், பாஸ்வேர்டு, போட்டோ, மெசேஜ் எல்லாம் உட்பட, சரியான்னு பெருசா ஒரு எச்சரிக்கை காட்டும். பெரியவிய அதப் பாத்ததும் பயந்து கேன்சல் பண்ணிருவாவ. அது பயமுறுத்துத மெசேஜ் இல்ல, உண்மையத்தான் சொல்லுது, அப்பாவ நிதானமா வாசிக்கச் சொல்லி பெறவு சரின்னு குடுக்கச் சொல்லு. புது ஆண்ட்ராய்டா இருந்தா ஒரே ஒரு ஆப்ப மட்டும் காட்டணுமா, முழு ஸ்கிரீனும் காட்டணுமான்னு கேக்கும். நீ அங்க இங்கன்னு போகச் சொல்லப் போறன்னா முழு ஸ்கிரீன், ஒரே ஆப்ல சோலின்னா அந்த ஒத்த ஆப்பு போதும்.

அதுக்குப் பெறவு வாட்ஸ்அப்ப விட்டு வெளிய வந்து ஹோம் பட்டன அமுக்கலாம், கால் கட்டாகாது. இங்கதான் எல்லாரும் முழிக்காவ, வெளிய வந்தா கால் போயிரும்னு நெனச்சு வாட்ஸ்அப்புக்குள்ளயே நிப்பாவ, நீயும் அந்தப் பக்கம் வாட்ஸ்அப்பையே பாத்துக்கிட்டு இருப்ப. தைரியமா வெளிய வரச் சொல்லு.

ஒரு கூடுதல் வசதி இருக்கு. போன் செட்டிங்ஸ்ல டெவலப்பர் ஆப்ஷன்ஸ்னு ஒளிஞ்சு கிடக்கும், பில்ட் நம்பர ஏழு தடவ தட்டுனா தொறக்கும், அதுல ஷோ டாப்ஸ்னு ஒண்ண ஆன் பண்ணிட்டா அப்பா விரல் எங்கன படுதோ அங்கன வட்டமா புள்ளி தெரியும், உனக்கும் தெரியும். அவிய தப்பான எடத்துல தட்டுதாவளா, சரியான எடத்துல தட்டியும் போன் கேக்கலையான்னு அப்பதான் புரியும். ஆனா சோலி முடிஞ்சதும் டெவலப்பர் ஆப்ஷன மூடிரணும், சில பேங்க் ஆப்பு அது ஆன்ல இருந்தா தொறக்கவே தொறக்காது, பெறவு பேங்க் ஆப்பு ரிப்பேருன்னு கடைக்கு தூக்கிட்டு வருவாவ.

எனிடெஸ்க் பத்தி எனக்குப் பிடிக்காத விஷயம் நெறைய இருக்கு, அத வேற யாராவது வெவரமா சொல்லட்டும். நான் சொல்லுதது ஒண்ணுதான், அப்பாவுக்கு ஷேர் ஆரம்பிக்க சொல்லிக்குடுக்கதுக்கு முன்னாடி ஷேர நிறுத்தச் சொல்லிக்குடு. மேல இருந்து நோட்டிபிகேஷன இழுத்தா அதுலயே நிறுத்துத பட்டன் இருக்கும், வாட்ஸ்அப்புக்கு திரும்பி வந்தாலும் நடுவுல ஸ்டாப் ஷேரிங்னு இருக்கும், ரெண்டும் தோணலன்னா சிவப்பு பட்டன அமுக்கி காலையே கட் பண்ணிரலாம். வெறும் கால்குலேட்டரத் தொறந்து வச்சுக்கிட்டு ஆரம்பி, நிறுத்து, ஆரம்பி, நிறுத்துன்னு கை பழகுத வரைக்கும் செய்யச் சொல்லு.

நாங்குநேரியான் ஷார்ஜா:

அண்ணாச்சி சொன்னது எல்லாம் இந்தியாவுக்குள்ள சரி. வளைகுடால பிள்ளைகள் இருக்க வீட்டுக்காரவிய யாராவது இத வாசிச்சா, அவியளுக்காக ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், இங்க எமிரேட்ஸ்ல வாட்ஸ்அப் மெசேஜ் போகும், கால் போகாது. அதனால நான் வீட்டுக்கு கூகுள் மீட்லதான் பேசுதேன். மீட்லயும் ஸ்கிரீன் ஷேர் உண்டு, மூணு புள்ளிக்குள்ள இருக்கும். ரெண்டு பேரு மட்டும் பேசுனா நேரத்துக்கு பெரிய கட்டுப்பாடு இல்ல, 24 மணி நேரம் வரைக்கும் போகும், மூணு பேரோ அதுக்கு மேலயோன்னா ப்ரீ அக்கவுண்டுல 60 நிமிஷம். ஜூம்ல ரெண்டு பேரா இருந்தாலும் 40 நிமிஷத்துல கட்டாயிரும், பெரியவியளுக்கு பாதில கட்டானா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும், அதனால நான் ஜூம் பக்கம் போறதில்ல.

இன்னொண்ணு, போன்ல மீட்ட குரோம் வழியா தொறந்தா ஷேர் பண்ண முடியாது, போன் பிரவுசர்ல அந்த வசதியே இல்ல, ஆப்பு போட்டே ஆகணும். எங்க அம்மாவுக்கு லிங்க அனுப்பும்போது ஆப்ல தொறக்குதா பிரவுசர்ல தொறக்குதான்னு அதத்தான் முதல்ல பாப்பேன்.

தங்கச்சி உன் ஐபோன்ல இருந்து நீ அப்பாவுக்கு காட்டணும்னாலும் அதே பட்டன்தான், ஆனா ஸ்டார்ட் பிராட்காஸ்ட்னு கேட்டு மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணிட்டுத்தான் ஆரம்பிக்கும். அப்பா செய்யுததுக்கு முன்னாடி நீ உன் போன்ல ஒருக்க செஞ்சு காட்டிரு, கண்ணால பாத்துட்டாவன்னா பாதி வேலை முடிஞ்சது.

அம்பை ரிட்டயர்டு பேங்கர்:

அம்மா, உங்க அப்பா மாதிரி நானும் பென்ஷன்காரன்தான், கவுண்டர்ல உக்காந்து வேலை பாத்தவன், அதனால இந்த விஷயத்துல எனக்கு கொஞ்சம் அழுத்தமா சொல்ல வேண்டியிருக்கு, கோவிச்சுக்கிடாதீங்க.

மகள் அப்பா போனப் பாக்கது நல்ல காரியம். ஆனா அப்பா மனசுல "வீடியோ கால்ல ஸ்கிரீன் காட்டுதது சாதாரண விஷயம், யாரும் கேட்டா காட்டலாம்"னு பதிஞ்சிரக் கூடாது. இன்னைக்கு பெரியவிய துட்டு போற வழில இது முக்கியமான வழி. எங்க தெருவுலயே ஒருத்தருக்கு நடந்தது. பென்ஷன் லைப் சர்டிபிகேட் அப்டேட் ஆகலன்னு ஒருத்தன் போன் பண்ணுதான், பேரு, பென்ஷன் நம்பர் எல்லாம் கரெக்டா சொல்லுதான், வீடியோ கால்ல வாங்க சார் நான் வழி காட்டுதேன்ங்கான், ஸ்கிரீன ஷேர் பண்ணச் சொல்லுதான். இவரும் நல்ல பையனா இருக்கானேன்னு பண்ணிட்டாரு. அவன் ஓடிபி என்னன்னு கேக்கவே இல்ல, அதான் கொடும. ஓடிபி மெசேஜ் மேல வந்து நிக்கும்போது அவன் கண்ணாலயே வாசிச்சுக்கிட்டான். "நான் யாருக்கும் ஓடிபி சொல்லலயே"ன்னு அந்த மனுஷன் இன்னைக்கும் சொல்லிட்டு இருக்காரு, சொன்னது பொய்யும் இல்ல.

ஓடிபிய சொல்லாதீங்கன்னு சொல்லிச் சொல்லியே நம்ம ஜனங்களப் பழக்கிட்டோம், காட்டாதீங்கன்னு சொல்லிக்குடுக்கல. ஸ்கிரீன் ஷேர் ஓடும்போது வர்ற மெசேஜ், தொறக்குத பாஸ்புக் போட்டோ, கீபோர்டுல தட்டும்போது ஒரு நொடி பெருசாத் தெரியுத எழுத்து எல்லாமே அந்தப் பக்கம் போகுது, அவன் பாட்டுக்கு ரெக்கார்டு பண்ணிக்கிடலாம். வாட்ஸ்அப் என்கிரிப்ஷன்னு சொல்லுதது நடுவுல யாரும் பாக்காம இருக்கத்தான், எதிர்ல உக்காந்திருக்கவனே களவாணியா இருந்தா அது என்ன செய்யும்.

எனிடெஸ்க் வேண்டவே வேண்டாம். அது கெட்ட ஆப்பு இல்ல, கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கவியளுக்கு நல்ல கருவி. ஆனா அது பாக்க மட்டும் இல்ல, அங்க இருந்து அமுக்கவும் விடும், அந்த ஆப்பு காட்டுத நம்பர எவன்கிட்ட சொன்னாலும் அவன் உள்ள வரப் பாப்பான். 2019 பிப்ரவரிலயே ரிசர்வ் வங்கி இந்த ஆப்பு வழியா யுபிஐ துட்டு போகுதுன்னு பேங்குகள எச்சரிக்கை பண்ணிச்சு. அப்பா போன்ல அது இருந்தா நாளைக்கு எவனாவது கூப்பிட்டு "சார், உங்க போன்ல எனிடெஸ்க் இருக்குல்ல, அதத் தொறங்க"ம்பான். இல்லாத ஆப்ப ஏத்தச் சொல்லும்போதாவது கொஞ்சம் யோசனை வரும், ஏற்கனவே இருந்தா அந்த யோசனையும் வராது.

அப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க: ஸ்கிரீன காட்டுதது மகளுக்கு மட்டும், அதுவும் மகள் நம்பருக்கு அப்பாவே போட்ட கால்ல மட்டும். வெளிய இருந்து வர்ற எந்தக் கால்லயும், பேங்கு, போலீஸ், பென்ஷன் ஆபீஸ், கூரியர்னு எந்தப் பேரச் சொன்னாலும், கிடையாது. டிஜிட்டல் அரெஸ்ட்டுன்னு மணிக்கணக்கா வீடியோ கால்லயே உக்கார வச்சு மிரட்டுதானுவ, அப்படி ஒண்ணு சட்டத்துலயே கிடையாதுன்னு 2024 அக்டோபர்ல ரேடியோவுல பிரதமரே சொன்னாரு. இப்ப தெரியாத நம்பருக்கு ஷேர் பண்ணப் போனா வாட்ஸ்அப்பே எச்சரிக்கை காட்டுது, ஆனா அவன் "அதத் தள்ளிவிட்டுட்டு சரி குடுங்க சார்"னு சொல்லிக்குடுத்துருவான்.

கடவுள் புண்ணியத்துல உங்களுக்கு தேவைப்பட வேண்டாம், இருந்தாலும் அப்பா போன்ல 1930ங்கிற நம்பர சேவ் பண்ணி வைங்க, சைபர் கிரைம் உதவி நம்பர். துட்டு போனது தெரிஞ்ச நிமிஷமே அதுக்கும் பேங்குக்கும் சொல்லணும். தப்பு நம்ம பக்கம்னா நாம பேங்குக்கு தெரியப்படுத்துத வரைக்கும் போன துட்டு நம்ம தலையில, தெரியப்படுத்துன பெறவு போனா பேங்க் தலையில, 2017ல ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. எங்க தெருக்காரரு மானம் போயிருமேன்னு ரெண்டு நாளு பொண்டாட்டி பிள்ளைட்ட கூட சொல்லாம இருந்துட்டாரு. அந்த ரெண்டு நாளுதான் எனக்கு இன்னைக்கும் ஆத்தாமையா இருக்கு.

கல்லிடைக்காரி:

சார் ரொம்ப நன்றி, நீங்க எழுதுனத அப்பாவுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டுனேன், எனிடெஸ்க் பேச்ச விட்டாச்சு. அப்பாவே ஒரு வழி பண்ணிட்டாவ, என் நம்பர எழுதி அதுக்குக் கீழ 1930 எழுதி காலண்டர் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காவ, ஸ்கிரீன் காட்டணும்னா நான் கூப்பிட்டா கூட எடுக்க மாட்டாவளாம், கட் பண்ணிட்டு அவியளே திருப்பிக் கூப்பிடுவாவளாம்.

மொபைல் கடை அண்ணாச்சி சொன்ன மாதிரி கால்குலேட்டர் வச்சு ஆரம்பி நிறுத்து பழகியாச்சு. ஆனா எனக்கு தெரியுதது சமயத்துல ஒரே மங்கலா இருக்கு, அப்பா ஸ்கிரீன மேல கீழ தள்ளும்போது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா ஒடையுது. அவிய யூடியூப் போட்டா எனக்கு சத்தம் வரல. பேங்க் ஆப்பத் தொறந்தா கருப்பா நிக்குது. இதுல எது போன் கோளாறு, எது அப்படித்தான்னு சொல்லுங்களேன்.

பாளை கணக்கு டீச்சர்:

நான் ஆன்லைன்ல பத்தாம் வகுப்பு பிள்ளைகளுக்கு கணக்கு எடுக்கேன், ஸ்கிரீன் ஷேர்லதான் என் பொழப்பே ஓடுது, அதனால இந்த மங்கல் சங்கதி எனக்கு நல்லாத் தெரியும்.

ஷேர்ல காட்டுத ஆளுக்கு அப்லோட் ஸ்பீடு வேணும், பாக்க ஆளுக்கு டவுன்லோட் வேணும். நீங்க சென்னையில பைபர் வச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல, அப்பா பக்கம்தான் படம் கிளம்புது. ஊர்ல பல வீட்டுக்குள்ள சுவரு அவ்வளவு கனம், உள்ரூம்ல டவர் சரியா எடுக்காது, முன்வாசல் திண்ணையில வந்து உக்காரச் சொன்னாலே வித்தியாசம் தெரியும். அசையாத பக்கத்துக்கு டேட்டா ரொம்ப எடுக்காது, ஸ்கிரீன் நகரும்போதுதான் முழுசையும் திருப்பி அனுப்பணும், லைன் தாங்காதப்ப அது தெளிவக் குறைச்சு அனுப்பும், அதான் நீங்க சொல்லுத கட்டம் கட்டமா ஒடையுதது. தள்ளிட்டு கைய எடுத்துட்டு கொஞ்சம் பொறுத்தா தானா தெளியும். அப்பா பைய தள்ளட்டும், தள்ளுனதும் நீங்க "ம், தெரியுது"ன்னு சொன்ன பெறவு அடுத்த வேல. அப்பா போன்ல எழுத்து சைஸையும் ஒரு படி ஏத்தி வைங்க, அவியளுக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது.

சத்தம் வரலன்னா அது கோளாறு இல்ல. வாட்ஸ்அப்ல ஷேர் பண்ணும்போது வீடியோ சத்தமும் சேந்து போற வசதி 2024லதான் வந்துச்சு, அப்பா வாட்ஸ்அப் பழசா இருந்தா அப்டேட் பண்ணிப் பாருங்க. லேப்டாப்ல மீட் வச்சு காட்டுதவியளுக்கும் இதே கேள்வி வரும், அங்க முழு ஸ்கிரீனு, ஒரு விண்டோ, ஒரே ஒரு குரோம் டேப்னு மூணு விதமா கேக்கும், சத்தத்தோட வீடியோ காட்டணும்னா டேப்ப எடுத்து கீழ ஆடியோ ஷேர ஆன் பண்ணிட்டா சுத்தமா போகும். நான் பாடம் எடுக்கும்போதும் டேப் மட்டும்தான் குடுப்பேன், வேற எது நடந்தாலும் பிள்ளைகளுக்கு போகாது. போன்ல ஷேர் பண்ணித்தான் ஆகணும்னா முதல்ல டு நாட் டிஸ்டர்ப ஆன் பண்ணிருவேன், ஏதோ ஒரு அம்மா பீஸ் கட்ட ஒரு வாரம் தவணை கேட்டு மெசேஜ் போட்டிருப்பாவ, அது முப்பது பிள்ளைகளுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல வந்து நின்னா அந்தப் பிள்ளை மொகம் என்னத்துக்கு ஆகும். அது அவிய சொந்த விஷயம், என் ஸ்கிரீன்ல வந்ததுனால அது பொதுவாகிறாது.

பேங்க் ஆப்பு கருப்பா தெரியுதது நல்லதுக்குத்தான். அந்த ஆப்பு செஞ்சவிய ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க முடியாம, ஷேர்லயும் தெரியாமத்தான் வச்சிருக்காவ, யுபிஐ பின் போடுத பக்கமும் அதே மாதிரிதான். காசு கட்டிப் பாக்குத சினிமா ஆப்புலயும் படம் கருப்பாத்தான் போகும், அது காப்பிரைட்டுக்காக. தெரிய வைக்க ஏதாவது வழி இருக்கான்னு தேடாதீங்க. பேங்க் வேலைய அப்பா தனியா செய்யட்டும், சந்தேகம்னா காலக் கட் பண்ணிட்டு வாயால கேக்கட்டும்.

பத்தமடை பாய்க்காரி:

அப்பா மகள் பேச்சுக்கு நடுவுல நானும் ஒண்ணு சொல்லிக்கிடுதேன், எனக்கும் இந்த ஷேர்னாலதான் யாவாரம் நடக்கு. நாங்க குழுவா சேந்து கோரப்பாய் நெய்யுதோம். கல்யாணப் பாய்ல மாப்பிள்ள பொண்ணு பேரு போட்டு நெய்யச் சொல்லி வெளியூர்ல இருந்து கேப்பாவ. போட்டோவா அனுப்புனா ஒவ்வொண்ணா பாத்துட்டு "அந்த சிவப்புக் கரை, இல்ல இல்ல அதுக்கு முந்துனது"ன்னு கொழப்பம்தான். இப்ப வீடியோ கால் போட்டு முதல்ல கேமராவுல பாய மடிச்சுக் காட்டுதேன், பட்டுப் பாய் எம்புட்டு மெலிசுன்னு அதப் பாத்தாத்தான் நம்புவாவ. பெறவு ஷேர் போட்டு டிசைன் படத்தக் காட்டி, பேரு எங்கன வரும், எழுத்து தமிழா இங்கிலீஷா, கரை எத்தன வெரக்கட, எல்லாத்தையும் படத்து மேலயே கோடு போட்டு ஒத்துக்கிட வச்சுருவேன். நெய்யத் தொடங்கிட்டா பேர்ல ஒரு எழுத்த மாத்த முடியாது, பிரிக்கணும், சாயம் போட்ட கோர வீணாப் போகும், அதனால ரெண்டு வீட்டுக்காரவியளும் ஒரே நேரத்துல பாத்து சரின்னு சொன்னாத்தான் தறில ஏத்துவேன்.

கேலரியத் தொறந்து காட்டும்போது ஒரு விஷயம் கவனிக்கணும் தங்கச்சி. முழு கேலரியும் தெரியும், ரேஷன் கார்டு, ஆதாரு, வயசுக்கு வந்த பிள்ள படம் எல்லாம் அதுலதான் கிடக்கு. டிசைனுக்குன்னு தனியா ஒரு ஆல்பம் போட்டு, அந்த ஆல்பத்துக்குள்ள போய் நின்னுக்கிட்டு பெறவு ஷேர அமுக்கணும். உங்க அப்பா போன்லயும் ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் போட்டோவா இருக்கும், அதெல்லாம் கேலரில கண்ணு முன்னால கிடக்காம லாக் போட்ட போல்டருக்கு மாத்திக் குடுங்க. எங்க குழுல வயசானவிய போன எல்லாம் நான் இருந்து அப்படித்தான் மாத்திக் குடுத்திருக்கேன்.

வண்ணார்பேட்டை மொபைல்காரர்:

பாய்க்கார அக்கா சொன்னது கரெக்ட்டு. லைப் சர்டிபிகேட் பத்தி யாரும் சொல்லல, அதையும் சொல்லிட்டுப் போறேன், நவம்பர் மாசமானா கடையில பாதி நேரம் எனக்கு அதான் சோலி.

முகத்தக் காட்டி லைப் சர்டிபிகேட் குடுக்கது 2021 நவம்பர்ல இருந்து இருக்கு. ஜீவன் பிரமாண்னு ஒரு ஆப்பு, ஆதார் ஃபேஸ் ஆர்டின்னு இன்னொரு ஆப்பு, ரெண்டும் வேணும். ரெண்டாவது ஆப்பு போட்ட பெறவு போன்ல ஐகானே தெரியாது, ஏறலன்னு நெனச்சு திரும்பத் திரும்ப ஏத்துவாவ, அது உள்ளுக்குள்ள வேலை பாக்க ஆப்பு, பிளே ஸ்டோர்ல பாத்தா ஏறியிருக்கது தெரியும். ரெண்டையும் பிளே ஸ்டோர்ல இருந்து மட்டும் ஏத்தணும், வாட்ஸ்அப்ல எவனாவது பைலா அனுப்புனா தொடக்கூடாது.

முதல்ல ஆபரேட்டர்னு கேக்கும், அங்கதான் எல்லாரும் நிக்காவ, நம்ம எங்க ஆபரேட்டர்னு. அப்பாவே ஆபரேட்டரா இருக்கலாம், அவிய ஆதார் நம்பரையே போட்டு ஒருக்க முகத்தக் காட்டணும், பெறவு பென்ஷனரா திரும்பவும் காட்டணும். இடையில பென்ஷன் விவரம் நிரப்புத பக்கம் வரும், சாங்ஷனிங் அத்தாரிட்டி (பென்ஷன அனுமதிச்ச ஆபீஸ்), டிஸ்பர்சிங் ஏஜென்சி (பென்ஷன் துட்டக் குடுக்குத எடம்)ன்னு பட்டியல் பட்டியலா விரியும், பிபிஓ நம்பர், அதான் பென்ஷன் ஆர்டர் நம்பர், அக்கவுண்ட் நம்பர் கேக்கும். ஸ்கிரீன் ஷேர் ஒதவுதது இந்தப் பக்கத்துக்குத்தான், நீ அங்க இருந்து பாத்து எதத் தேர்ந்தெடுக்கணும்னு சொல்லலாம். பிபிஓ பேப்பர அப்பா கையில வச்சுக்கிடட்டும்.

முகம் காட்டுத எடம் வந்ததும் காலக் கட் பண்ணிரு. வீடியோ கால் கேமராவ பிடிச்சு வச்சிருந்தா அந்த ஆப்புக்கு கேமரா சரியா கிடைக்காது, சும்மா சும்மா பெயிலாகும். வெளிச்சம் முகத்துல நேரா விழுத எடத்துல, சன்னலுக்கு எதிர்ல உக்காந்து, முதுகுப் பக்கம் வெளிச்சம் இல்லாம, கண்ண சிமிட்டச் சொல்லும்போது சிமிட்டணும். கண்ணாடி போட்டிருந்தா கழட்டிட்டுப் பாக்கச் சொல்லு. முடிஞ்சதும் பிரமாண் ஐடின்னு ஒண்ணு வரும், மெசேஜாவும் வரும், அத எழுதி வச்சுக்கிடணும். பெறவு அப்பாவே உன்னத் திருப்பிக் கூப்பிட்டு மிச்சத்தப் பாத்துக்கிடலாம்.

ஓடிபி வரும்போது ஷேர் ஓடிக்கிட்டு இருந்தாலும் நீ மகள்தான், பரவால்ல. ஆனாலும் ஓடிபி பக்கம் வந்தா நிறுத்திட்டுப் போடுத பழக்கம் வந்துட்டா பெரியவர் சொன்ன மாதிரி களவாணிப் பயலுவகிட்ட தப்பிச்சுருவாவ. ஆண்ட்ராய்டு 15 போன்ல ஷேர் ஓடும்போது ஓடிபி நோட்டிபிகேஷன எதிராளிக்கு மறைக்கிற வசதி இருக்கு, அத நம்பி இருக்க வேண்டாம், மெசேஜ அவியளே தொறந்து காட்டிட்டா போச்சு.

முகம் எடுக்கவே மாட்டேங்குது, வயசானதுல ஆதார் போட்டோவுக்கும் முகத்துக்கும் ஒத்து வரலன்னா கவலப்படாத. போஸ்ட்மேன வீட்டுக்கே வரச் சொல்லி குடுக்கலாம், போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் வழியா 70 ரூபாய் வாங்குவாவ. உங்க அப்பா போஸ்ட் ஆபீஸ்காரரு, வர்றவரு தெரிஞ்ச ஆளாத்தான் இருப்பாரு.

கல்லிடைக்காரி:

அண்ணாச்சி, டீச்சர், சார், அக்கா எல்லாருக்கும் நன்றி. இந்த ஞாயித்துக்கெழம அப்பா திண்ணையில உக்காந்து ரெண்டு ஆப்பையும் ஏத்துனாவ, நான் பாத்துக்கிட்டு மட்டும் இருந்தேன். டிஸ்பர்சிங் ஏஜென்சி பட்டியல் வரைக்கும் போய்ப் பாத்தோம், அதுல எது வரும்னு அப்பாவுக்கே தெரிஞ்சிருந்துச்சு, எனக்குத்தான் தெரியல. ஓடிபி வந்ததும் நான் சொல்லாமலே ஸ்கிரீன நிறுத்திட்டாவ, "நீ இருந்தாலும் நிறுத்துவேன்"னாவ. நவம்பர் ஒண்ணாந் தேதி காலையில வெயில் சன்னல் வழியா வந்த பெறவு முகத்தக் காட்டிப் பாக்கணும்னு சொல்லியிருக்காவ. அதுக்குள்ள அம்மா போன்ல இருக்க ஆதார் படத்தையெல்லாம் லாக் போல்டருக்கு மாத்தணும், அத அப்பாவே பாத்துக்கிடுதேன்னுட்டாவ.

நாங்குநேரியான் ஷார்ஜா:

தங்கச்சி, பதிலுக்கு நீ அப்பாவுக்கு காட்டும்போது உன் ஐபோன்ல நிறுத்துத எடம் மேல நேரம் காட்டுத எடத்துல சிவப்பா தெரியும், அதத் தட்டுனா ஸ்டாப்னு கேக்கும். ஆபீஸ் மெயில் எதுவும் மேல வராம, நோட்டிபிகேஷன நிறுத்தி வைக்குத போகஸ்ங்கிற வசதிய ஆன் பண்ணிக்கோ.